தனிமையும் காதல் முறிவும் பாட்டாக மாறுவது எப்படி? பான் ஈவேர் கதையை வைத்துச் சில கேள்விகள்

காதல் முறிந்த ஒருவர் பனிக்காலத்தில் காட்டுக் குடிலுக்குப் போனார், தனியாக இருந்தார், திரும்பி வரும்போது கையில் ஒரு ஆல்பம் இருந்தது. பாட்டு எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் இடத்தில் இந்தக் கதை எப்படியும் வந்துவிடும். அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னனின் கதை இது. 'பான் ஈவேர்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட முதல் ஆல்பம் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் என்பதால் சொல்கிறேன்: இந்தக் கதையைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு, மனது உடைந்தால் பாட்டு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. மீதிப் பாதியையும் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்.

யார் இந்த ஜஸ்டின் வெர்னன்?

விஸ்கான்சின் மாநிலத்தில் ஓ கிளேர் என்ற ஊரில் 1981இல் பிறந்தவர். பள்ளிக்கூட நாளிலேயே ஜாஸ் குழுவில் வாசித்தவர், நண்பர்களோடு இசைக்குழு வைத்திருந்தவர். அந்த நட்பிலிருந்துதான் பிறகு 'டியார்மண்ட் எடிசன்' என்ற குழு உருவானது. வெர்னனின் நடுப்பெயர்தான் குழுவின் பெயர். 2005இல் 'சைலண்ட் சைன்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் அவர் பாடுவதைக் கேட்டால் இன்றைய ரசிகர்கள் பலருக்கு அடையாளமே தெரியாது. கனத்த, அடித்தொண்டைக் குரல். கிராமிய ராக் பாட்டுகள். நல்ல பாட்டுகள்தான், ஆனால் அப்போது அதே மாதிரிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.

அப்படி என்ன நடந்தது அவருக்கு?

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே நடந்தது. 2005இல் குழுவில் எல்லோரும் ஊரை விட்டுக் கிளம்பி வட கரோலினாவில் ரலே நகரத்துக்குக் குடிபோனார்கள். பெரிய ஊர், நல்ல வாய்ப்பு என்ற நம்பிக்கை. அடுத்த வருடமே குழு கலைந்தது. சின்ன வயதிலிருந்து ஒன்றாக வாசித்த நண்பர்கள், இசையில் ஆளுக்கொரு திசையில் போக ஆசைப்பட்டார்கள். மற்ற மூவரும் சேர்ந்து 'மெகாஃபான்' என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

கூடவே ஒரு காதல் முறிந்தது. மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் நோயும் வந்தது. கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சல் அடித்து, வாரக்கணக்கில் எழுந்து நடக்க முடியாமல் போட்டுவிடும் நோய் அது. அவருக்கு ஈரலையும் பாதித்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தியது. கையில் இருந்த கொஞ்சப் பணத்தையும் ஆன்லைன் போக்கர் ஆட்டத்தில் விட்டார். 25 வயது. குழு இல்லை, காதல் இல்லை, உடம்பு சரியில்லை, காசும் இல்லை. 2006 நவம்பர் வாக்கில் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, பல மாநிலங்களைத் தாண்டிச் சொந்த ஊருக்குத் திரும்பினார். பெற்றோர் வீட்டில் கொஞ்சம் இருந்துவிட்டு, விஸ்கான்சின் காட்டுப் பக்கம் அப்பாவுக்கு இருந்த வேட்டைக் குடிலுக்குப் போய்விட்டார்.

பாட்டு எழுதத்தான் அங்கே போனாரா?

இல்லை. இதைத்தான் எல்லோரும் மாற்றிச் சொல்கிறார்கள். ஆல்பம் போட வேண்டும் என்ற எண்ணமே அப்போது இல்லை என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாடகை கொடுக்க வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதனால் போனார். முதல் சில வாரங்கள் பெரும்பாலும் ஓய்வுதான்.

அங்கே பொழுது எப்படிப் போனது?

உடல் உழைப்பில். விறகு பிளப்பது, அப்பாவுக்காகப் புதர் வெட்டி இடத்தைச் சுத்தம் செய்வது, மரப்பலகைகளை அடுக்குவது. விஸ்கான்சினில் நவம்பர் மாதம் மான் வேட்டைக் காலம். அவரும் மான் வேட்டையாடினார், அந்தக் கறியைத்தான் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டார். அப்பா அவ்வப்போது வந்து முட்டை, சீஸ் போன்றவற்றைக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பக்கத்தில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரி என்பது சாதாரணம். விறகு இல்லாமல் இருக்க முடியாது.

இந்த வேலைகளை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தனிமை என்றதும் ஜன்னலோரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் படம்தான் நமக்கு மனதில் வருகிறது. அவர் இருந்த தனிமையில் கைக்கு வேலை இருந்தது, வயிற்றுக்குச் சாப்பாடு இருந்தது, அவ்வப்போது எட்டிப் பார்க்க அப்பா இருந்தார். நோயில் கிடந்த உடம்பு குடிலில் இருந்த அந்த மாதங்களில் மெல்லத் தேறியது. அது நடக்காமல் பாட்டு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பாட்டுகள் எப்படிப் பிறந்தன?

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அதற்கு முன்பெல்லாம் அவர் பெரும்பாலானவர்களைப் போல எழுதிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை யோசித்து, வரிகளைக் காகிதத்தில் எழுதி, கிடாரில் பொருத்திப் பாடுவது. குடிலில் அதைத் தலைகீழாக்கினார். முதலில் கிடாரில் ஒரு சுற்று வாசித்துப் பதிவு செய்வார். அதன்மேல் சொல்லே இல்லாமல் வெறும் ஓசையாக ஒரு மெட்டைப் பாடுவார். அதே மெட்டை மறுபடியும் பாடுவார், அதன்மேல் இன்னொரு தடவை, இன்னொரு தடவை. பிறகு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அந்த ஓசைகள் என்ன சொற்கள் மாதிரிக் காதில் விழுகின்றன என்று பார்த்து எழுதுவார். அசைகள்தான் முதலில், அர்த்தம் பிறகு.

நமக்கு இது புதிதில்லை. தமிழ்த் திரைப்பாட்டில் இசையமைப்பாளர் தத்தகாரத்தில், அதாவது தனனா போன்ற வெறும் ஓசையில், மெட்டைக் கொடுப்பார், கவிஞர் அந்த அளவுக்குள் சொற்களைப் போடுவார். வேறுபாடு என்னவென்றால், இங்கே இசையமைப்பாளரும் கவிஞரும் ஒரே ஆள். தத்தகாரத்தைப் பாடியதும் அவர் குரல்தான், அதில் ஒளிந்திருந்ததைத் தேடியதும் அவர்தான். நேராக உட்கார்ந்து "என் சோகத்தை எழுதப்போகிறேன்" என்று பேனாவை எடுத்தால், எல்லோரும் ஏற்கெனவே எழுதிய வரிகள்தான் முதலில் வந்து நிற்கும். ஓசையிலிருந்து தொடங்கும்போது, பழகிய வரிகளையே உள்ளே விடும் மனதின் காவல்காரன் கொஞ்சம் தூங்கிவிடுகிறான். நாமே எதிர்பார்க்காத சொல் வந்து விழும்.

அதனால்தான் அந்த ஆல்பத்தின் வரிகள் பல இடங்களில் நேரடியாகப் புரியாது. இலக்கணப்படி முழுசான வாக்கியமாகக்கூட இருக்காது. ஆனால் கேட்கும்போது என்ன உணர்வு என்பதில் சந்தேகமே வராது. 'ஃப்ளூம்' பாட்டை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுத்து அர்த்தம் கேளுங்கள், திணறுவார். ஆங்கிலம் தெரியாதவர் கேட்டாலும் நெஞ்சு கனக்கும்.

என்ன கருவிகள் வைத்திருந்தார்?

மிகக் குறைவு. ஷ்யூர் எஸ்எம்57 மைக், பழைய மேகின்டாஷ் கணினி, அதில் புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் எளிய வடிவம், ஒரு பழைய சில்வர்டோன் கிடார், கொஞ்சம் தாளக் கருவிகள்.

எஸ்எம்57 பற்றி இரண்டு வார்த்தை. 1965இல் வந்த மைக் அது. கச்சேரி மேடைகளில் டிரம்முக்கும் கிடார் ஆம்ப்ளிஃபயருக்கும் முன்னால் நிற்கும், கீழே விழுந்தாலும் உடையாத முரட்டு மைக். ஸ்டூடியோவில் பாடகர் முன்னால் வைக்கும் விலையுயர்ந்த கண்டென்சர் மைக்குகள் அறையின் எதிரொலி, கடிகாரச் சத்தம் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். எஸ்எம்57 மாதிரியான டைனமிக் மைக் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் நன்றாகப் பிடிக்கும். மரச்சுவர் வைத்த குடிலுக்கு, வாயை மைக்கோடு ஒட்டிவைத்து மெல்லப் பாடுகிறவருக்கு, அது நன்றாகவே ஒத்துவந்தது. அந்த ஆல்பத்தில் மூச்சு காதுக்கு அவ்வளவு அருகில் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மெல்லிய குரல் எங்கிருந்து வந்தது?

ஃபால்செட்டோ என்கிற கள்ளக்குரல் அது. ஆண் குரல் தன் இயல்பான எல்லையைத் தாண்டி மேலே போகும்போது வருவது. சோகத்தால் குரலே மாறிவிட்டது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. ரலேயில் இருந்தபோதே, 2006இல், பிக்கெட் கேலரி என்ற இடத்தில் அவர் குழு தொடர் நிகழ்ச்சி நடத்தியது. குழுவில் ஒவ்வொருவரும் தனக்குப் பழக்கமில்லாத ஒன்றை முயன்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். வெர்னன் எடுத்துக்கொண்டது குரல். காஸ்பெல் எனப்படும் பழைய கிறிஸ்தவ பக்திப் பாட்டுகளை வைத்து அந்த மேல்ஸ்தாயிக் குரலை அங்கேதான் பழகினார். ஆக, குடிலுக்குப் போகும்போதே விதை கையில் இருந்தது. கூடி வாசித்த காலத்தில் நண்பர்கள் கொடுத்த விதை.

குடில் கொடுத்தது கூச்சமின்மையை. பக்கத்து அறையில் ஆள் இருந்தால் ஒரு ஆண் அந்த மாதிரிக் குரலில், அதுவும் பிசிறு தட்டத் தட்டப் பாடிப் பார்க்க யோசிப்பான். யாருமே இல்லாத இடத்தில் அந்த யோசனை தேவையில்லை. ஒரே வரியைப் பல தடவை பாடி அடுக்கும்போது, ஒவ்வொரு தடவையும் சுருதியும் நேரமும் மயிரிழை மாறும். அந்தச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துதான் ஒரு கூட்டமே பாடுகிற உணர்வு வருகிறது. 'தி வுல்வ்ஸ்' பாட்டின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, குரல்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகின்றன, தாளங்கள் தடதடவென்று சரிகின்றன. அத்தனையும் ஒரே ஆளின் குரல். தனியாக இருந்தவர் தனக்குத் தானே ஒரு கோஷ்டியை உண்டாக்கிக்கொண்டார்.

எம்மா யார்?

ஒரு பெண்ணின் பெயர்தான். ஆனால் அது ஒரு ஆள் இல்லை, மனது போய் மாட்டிக்கொள்கிற ஒரு இடம் என்று வெர்னன் விளக்கியிருக்கிறார். இந்த ஆல்பத்தில் இருப்பது ரலேயில் முறிந்த காதல் மட்டும் கிடையாது. பல வருடங்களுக்கு முன்னால் போன ஒரு காதலின் ஆறாத வலியும் இதில் இருக்கிறது. புதுக் காயம் பழைய காயத்தைத் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நேற்று நடந்த சண்டையை இன்று எழுதினால் அது பெரும்பாலும் புகார்க் கடிதமாகத்தான் இருக்கும். வருடங்கள் போன பிறகு யார் மேல் தப்பு என்பது மங்கி, அந்த உணர்வு மட்டும் தெளிவாக நிற்கும். அப்போது எழுதுவது வேறு தரம்.

'ஸ்கின்னி லவ்' பாட்டைப் பற்றி அவர் சொன்னது இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் மேல் உள்ள அன்பால் இல்லாமல், நமக்கு ஒரு ஆதரவு வேண்டும் என்பதற்காக ஒரு உறவில் இருப்போமே, அந்த எடையில்லாத, மெலிந்த காதலைப் பற்றிய பாட்டு என்றார். எதிராளியைக் குற்றம் சொல்வது சுலபம். தன் பக்கத்து பலவீனத்தைப் பார்ப்பதற்கு அவகாசம் வேண்டும்.

அப்போ சோகம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பாட்டுகள் வந்திருக்காதா?

இதே பாட்டுகள் வந்திருக்காது. ஆனால் சோகம்தான் இவற்றை எழுதியது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த வருடம் காதல் முறிந்தவர்கள் உலகம் முழுக்க எத்தனை கோடிப் பேர் இருந்திருப்பார்கள்? அதில் பலர் வெர்னனைவிட மோசமாக உடைந்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். அவர்களிடம் இல்லாமல் வெர்னனிடம் இருந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து விடாமல் செய்த பயிற்சி. கிடார், தாளம், ஹார்மனி, ஒலிப்பதிவு எல்லாம் கைக்குப் பழகியிருந்தது. ஆர்வம் வந்த நாளில் மைக்கை எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. துக்கம் அவருக்குப் பாடுபொருளைக் கொடுத்தது. தனிமை நேரத்தைக் கொடுத்தது, பிறர் காதைப் பற்றிய பயத்தையும் எடுத்துவிட்டது. பாட்டாக்கியது அந்தப் பயிற்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் எழுதிய பாட்டுகளால் உருவான ஆல்பம் இல்லை இது. உடம்பு தேறி, தூக்கம் சரியாகி, மனது மேலே வரத் தொடங்கிய பிறகு வந்தவை. துக்கத்தின் அடியில் இருக்கும்போது பெரும்பாலானவர்களால் எதுவுமே செய்ய முடிவதில்லை.

முழுக்கத் தனியாகத்தான் செய்தாரா?

பெரும்பகுதி, ஆம். முழுக்க என்றால் இல்லை. 'ஃபார் எம்மா' பாட்டில் கேட்கும் டிரம்பெட்டும் டிரம்போனும் வேறு இருவர் வாசித்தவை. குடிலை விட்டு வந்த பிறகும் இவற்றை மாதிரிப் பதிவுகளாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்யலாம் என்ற யோசனையும் இருந்தது. கேட்ட நண்பர்கள்தான் இப்படியே வெளியிடு என்று ஊக்கப்படுத்தினார்கள். 2007இல் தன் செலவில் 500 குறுந்தகடுகள் போட்டார். இணையத்தில் பேச்சு பரவி, ஜாக்ஜாகுவார் என்ற நிறுவனம் 2008 பிப்ரவரியில் முறையாக வெளியிட்டது. ஒன்பது பாட்டு, 37 நிமிடம், அவ்வளவுதான் ஆல்பம்.

பான் ஈவேர் என்ற பெயர்?

நோயில் படுத்திருந்தபோது அலாஸ்காவில் நடக்கும் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தார். முதல் பனி விழும் நாளில் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் நல்ல குளிர்காலமாக அமையட்டும் என்று பிரெஞ்சில் வாழ்த்திக்கொள்வார்கள். அந்த வாழ்த்தை எழுத்து மாற்றி எடுத்துக்கொண்டார்.

இதே மாதிரி வேறு இசைக்கலைஞர்கள் உண்டா?

நிறைய. இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1981இல் பெரிய இசைப் பயணத்தை முடித்துவிட்டு வந்தார். கூட்டம், புகழ் எல்லாம் இருந்தது, உள்ளே ஒரு வெறுமை. நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற இடத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். படுக்கையறையில் டியாக் நிறுவனத்தின் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரையும் இரண்டு எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துப் பாடினார். ஆம், அதே மைக்தான். பெரும்பாலான பாட்டுகள் 1982 ஜனவரி தொடக்கத்துக்குள் பதிவாகிவிட்டன. குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான மாதிரி என்றுதான் நினைத்தார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு முழுக் குழுவோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தால், கேசட்டில் இருந்த உயிர் இல்லை. கடைசியில் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். 'நெப்ராஸ்கா' என்று பெயர். காதல் தோல்வி பற்றிய ஆல்பம் இல்லை அது, கொலைகாரர்களும் கடனாளிகளும் வருகிற கதைகள். ஆனாலும் அந்த இருட்டு அவருடையது. சொந்தத் துக்கத்தை வேறு ஒருவரின் கதையில் வைத்துச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, கனடியப் பாடகி ஜோனி மிட்செல். பாடகர் கிரகாம் நாஷுடனான காதல் முடிந்த 1970இல், கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் மடாலா என்ற கடற்கரை ஊரில் போய் இருந்தார். குகைகளில் இளைஞர்கள் தங்கியிருந்த இடம் அது. பயணத்தில் பெரிய கிடாருக்குப் பதிலாக மடியில் வைத்து வாசிக்கும் டல்சிமர் கருவியைக் கொண்டுபோனார். கருவி மாறியதால் மெட்டும் மாறியது. 1971இல் வந்த 'ப்ளூ' ஆல்பத்தின் பல பாட்டுகளில் அந்த டல்சிமர்தான் கேட்கிறது. வெர்னன் கிடாரின் தந்திகளை வழக்கமான சுருதியில் இல்லாமல் வேறு சுருதியில் வைத்து வாசித்ததும் இதே வேலையைத்தான் செய்தது. கை பழகிய பாதையில் போக முடியாது, காது தேட ஆரம்பித்துவிடும்.

கலைஞன் கஷ்டப்பட்டால்தான் நல்ல பாட்டு வருமா?

இந்த நம்பிக்கை எனக்குக் கோபத்தை வரவழைக்கும். ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கை நினைத்துப் பாருங்கள். 'பிங்க் மூன்' ஆல்பத்தை 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவு செய்தார், குரலும் கிடாரும், ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோவும். அற்புதமான ஆல்பம். ஆனால் அதற்குப் பிறகு மனச்சோர்வு அவரை முழுக்கப் பிடித்துக்கொண்டது. பாட்டு எழுதுவது மிகவும் கடினமாகிவிட்டது. ஒரு சில பாட்டுகளைத்தான் பதிவு செய்ய முடிந்தது. 1974 நவம்பரில் 26 வயதில் இறந்தார். அவர் நோய் அவருக்குப் பாட்டைக் கொடுத்தது என்று சொல்கிறவர்கள், அதே நோய் நம்மிடமிருந்து எத்தனை பாட்டுகளைப் பறித்தது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வெர்னனும் பிற்காலப் பேட்டிகளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சோகத்துக்கே திரும்பத் திரும்பக் கைதட்டல் கிடைத்தால், தெரியாமலேயே நாமே நம்மைக் காயப்படுத்திக்கொள்கிறோமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கிறது.

எனக்கும் லவ் பெயிலியர்தான். நானும் எங்காவது போய்த் தனியாக உட்கார்ந்து எழுதலாமா?

எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் காடு தேவையில்லை. காலையில் வீடு அடங்கியிருக்கும் இரண்டு மணி நேரம் போதும். போனை வேறு அறையில் வையுங்கள். அதுதான் இந்தக் காலத்துக் குடில்.

முதலில் வரிகளைத் தேடாதீர்கள். போனிலேயே ரெக்கார்டர் இருக்கிறது, பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சுற்றை வாசித்து, தனனா என்றோ வாய்க்கு வந்த ஓசையிலோ பாடிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே கேட்காதீர்கள். எங்கே ஒரு சொல் மாதிரிக் கேட்கிறதோ அங்கிருந்து பிடியுங்கள். தமிழில் இது நன்றாகவே வேலை செய்யும், நெடிலும் குறிலும் மெட்டில் தானாகவே இடம் பிடிக்கும். கிடார் வாசிக்கிறவர் என்றால் ஒரு தந்தியின் சுருதியை மாற்றிவைத்துப் பாருங்கள். ஹார்மோனியமோ கீபோர்டோ என்றால் உங்களுக்குக் கை வராத கட்டையில் வாசியுங்கள்.

அப்புறம், "இதயம்", "கண்ணீர்", "நிலா" இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பாட்டு எழுதிப் பாருங்கள். பிரிந்துபோனவர் விட்டுப்போன பொருள் ஏதாவது வீட்டில் இருக்கும். ஹெல்மெட், சார்ஜர், பாதி தீர்ந்த ஷாம்பு. அதை எழுதுங்கள்.

சாப்பாடும் தூக்கமும் போய், வாரக்கணக்கில் எதிலுமே மனது ஒட்டாமல் இருந்தால், அல்லது உயிரோடு இருக்கவே பிடிக்காத எண்ணம் வந்தால், அப்போது பாட்டு முக்கியமில்லை. நெருங்கிய ஒருவரிடம் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பிரிந்தவரைப் பற்றிப் பாட்டு எழுதுவது சரியா?

எழுதலாம். ஊருக்கு அடையாளம் காட்டக் கூடாது என்பது என் கருத்து. பெயர், தெரு, வேலை இடம் எதுவும் வேண்டாம். உங்கள் பக்கத்தை மட்டும் எழுதுங்கள். அவர் இந்தப் பாட்டுக்குப் பதில் சொல்ல மேடை இல்லாதவர்.

அடுத்த ஆல்பங்களுக்கும் வெர்னன் தனிமையைத் தேடிப் போனாரா?

எதிர்த்திசையில் போனார். ஓ கிளேருக்குப் பக்கத்தில் ஃபால் கிரீக்கில் ஒரு கட்டடத்தை வாங்கி 'ஏப்ரல் பேஸ்' என்ற ஸ்டூடியோவாக மாற்றினார். நிறையப் பேர் வந்து வாசித்துவிட்டுப் போகும் இடம் அது. 2010இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் ஆல்பத்தில் பாடினார். 2011இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் சாக்ஸபோன், பித்தளைக் கருவிகள், பெடல் ஸ்டீல் கிடார் என்று ஆள் அம்பாரமே இருந்தது. அதற்கு 2012இல் கிராமி விருது கிடைத்தது, கூடவே சிறந்த புதுமுகக் கலைஞர் விருதும். பிறகு பல குழுக்களோடு வேலை செய்தார், சொந்த ஊரில் இசை விழா நடத்தினார். 2020இல் டெய்லர் ஸ்விஃப்டோடு 'எக்ஸைல்' பாட்டைப் பாடினார். 2025 ஏப்ரலில் வந்த 'சேபிள், ஃபேபிள்' ஆல்பம் மூன்று இருண்ட பாட்டுகளோடு தொடங்கி, மீதி முழுக்கக் காதலும் சந்தோஷமுமாகப் போகிறது. அதில் அவர் சிரித்துக்கொண்டு பாடுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இதுவரை கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

'ஸ்கின்னி லவ்'. பேர்டி என்ற ஆங்கிலேயப் பெண் 2011இல் பியானோவில் பாடிய வடிவத்தை நீங்கள் எங்காவது கேட்டிருக்கவும் கூடும். அதைக் கேட்டுவிட்டு வெர்னன் பாடியதைக் கேளுங்கள். மெதுவாகத் தொடங்கும் குரல், நடுவில் பல குரல்களாகிக் கத்தும் இடத்தைக் கவனியுங்கள். அடுத்து 'தி வுல்வ்ஸ்', ஹெட்போன் போட்டுக்கொண்டு. பிடித்திருந்தால் முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள், கடைசிப் பாட்டு 'ரீ ஸ்டாக்ஸ்' வரைக்கும். அதில் பெரும்பாலும் கிடாரும் குரலும் மட்டும்தான், அதனால் ஷஃபிளில் நடுவில் வந்தால் எடுபடாது. பிறகு 'சைலண்ட் சைன்ஸ்' ஆல்பத்தையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், ஓரிரு வருட இடைவெளியில் இந்த மனிதர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரியும்.